காரின் ஏசி ஃபில்டரை நாமே மாற்றிக்கொள்வது எப்படி?

காரில் ஏசியைப் போட்டால் வருகிற காற்று குளிராகத்தான் இருக்கிறது, ஆனால் பின் இருக்கைவரை வந்து சேரவில்லை என்று சொல்லிக் கேஸ் நிரப்பக் கிளம்புகிறவர்களில் பலருக்குக் கேஸில் ஒரு குறையும் இருக்காது. காற்றை ஊதித் தள்ளும் விசிறியான ப்ளோயரை நான்காம் எண்ணில் வைத்தும் இரைச்சல் மட்டும் கூடி, காற்று சோம்பலாக வந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஏசி ஃபில்டரைத்தான். காற்று பலமாக வந்து குளிர்ச்சி மட்டும் இல்லையென்றால் அது கேஸ், கம்ப்ரஸர், கண்டென்சர் ஆகியவற்றைச் சார்ந்த கோளாறு. அதற்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். காற்றின் அளவு குறைந்திருக்கிறதா, குளிர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே வேண்டாத செலவு ஒன்று மிச்சமாகும்.

பெயரில் உள்ள குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். உதிரிபாகக் கடையில் போய் ‘ஏர் ஃபில்டர்’ என்று கேட்டால் இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டுகிற, போனட்டுக்கு அடியில் பெட்டியில் இருக்கிற ஃபில்டரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நாம் இங்கே பேசுவது, காருக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் சுவாசிக்கும் காற்றை வடிகட்டுகிற ஃபில்டர். கையேட்டில் ‘கேபின் ஃபில்டர்’ என்றோ ‘கிளைமேட் கன்ட்ரோல் ஏர் ஃபில்டர்’ என்றோ அச்சிட்டிருந்தாலும், கடையில் ‘ஏசி ஃபில்டர்’ என்று கேட்டால்தான் உடனே புரியும்.

அது எங்கே இருக்கிறது என்பதைக் காற்று போகும் வழியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். முன்கண்ணாடியின் அடியில், வைப்பர்கள் படுத்திருக்கும் இடத்தில் உள்ள சல்லடை போன்ற பிளாஸ்டிக் மூடியின் வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. ரீசர்குலேஷன் பொத்தானை அழுத்தியிருந்தால் அந்த வழி அடைபட்டு, காருக்குள் இருக்கும் காற்றே திரும்ப இழுக்கப்படுகிறது. பெரும்பாலான கார்களில் இந்த இரண்டு வழிகளும் ஒன்றுசேர்ந்த பிறகுதான் ஃபில்டர் வருகிறது. அதனால் எப்போதும் ரீசர்குலேஷனிலேயே ஓட்டுகிறவர்களின் ஃபில்டரும் அழுக்காகத்தான் செய்யும். ஃபில்டரைக் கடந்த காற்றுதான் கூலிங் காயிலில் பட்டுக் குளிர்ந்து, டேஷ்போர்டு திறப்புகளின் வழியே நம்மிடம் வருகிறது. இந்த அமைப்பு முழுவதும் முன்பயணியின் கால்களுக்கு எதிரே, டேஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டியான க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. நம் ஊர்க் கார்களில் அது இடப்பக்கம்.

எடுத்துக்காட்டுக்கு ஹூண்டாய் ஐ20 காரை எடுத்துக்கொள்கிறேன். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி நம் சாலைகளில் ஏராளமாக ஓடும் கார் என்பது ஒரு காரணம். ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட இல்லாமல் வேலையை முடித்துவிடலாம் என்பது இன்னொரு காரணம். மாருதி, ஹோண்டா, டொயோட்டா கார்கள் பலவற்றிலும் ஏறக்குறைய இதே முறைதான். கிளிப்பின் வடிவமும் க்ளவ் பாக்ஸ் கழலும் விதமும்தான் மாறும். ஃபோக்ஸ்வேகன் போலோ போன்ற சில கார்களில் க்ளவ் பாக்ஸைத் தொட வேண்டியதில்லை. முன்பயணியின் கால் வைக்கும் இடத்தில் குனிந்து, டேஷ்போர்டின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தால் ஃபில்டரின் மூடி தெரியும். பெரும்பாலான கார்களின் கையேட்டில் பராமரிப்புப் பகுதியில் இதற்கு ஒரு படம் இருக்கும். அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எப்போது மாற்றுவது என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை, 10,000 முதல் 15,000 கி.மீ.க்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை என்பது. என்னைக் கேட்டால், கிலோமீட்டர் கணக்கைவிடக் கார் நிற்கும் இடத்துக்கும் போகும் பாதைக்கும்தான் மதிப்புக் கொடுக்க வேண்டும். மெட்ரோ ரயில் பணி நடக்கும் சாலையில் தினமும் ஊர்ந்து செல்லும் காரின் ஃபில்டர் ஆறே மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். புளிய மரத்தடியில் நிற்கும் காரில் தூசியைவிட இலைகளே அதிகம் சேரும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, அழுக்கின் அளவைக் கண்ட பிறகு முடிவு செய்வதே நல்லது. ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும் என்பவர்கள், ஆடிக் காற்று அடித்து ஓய்ந்த பிறகு, ஐப்பசி மழை தொடங்குமுன் மாற்றிவிடுங்கள். கோடையிலும் ஆடியிலும் சேர்ந்த தூசியின்மேல் மழைக்கால ஈரம் ஏறினால் ஃபில்டரில் பூஞ்சை பிடித்து முடைநாற்றம் எழும். அதோடு, அடைமழையில் முன்கண்ணாடியில் படியும் ஆவியை விரட்டத் தேவைப்படும் காற்று அப்போதுதான் குறைந்துபோயிருக்கும்.

புதிய ஃபில்டரை வாங்கிவிட்டுப் பழையதைக் கழற்றுவதைவிட, பழையதைக் கழற்றி அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதே புதியவர்களுக்குப் பாதுகாப்பான வழி. ஒரே பெயருள்ள காரிலும் தலைமுறைக்குத் தலைமுறை ஃபில்டரின் அளவு மாறும். கடையில் இரண்டு வகை இருக்கும். வெள்ளையாக இருப்பது சாதாரண வகை. தூசி, மகரந்தம் போன்றவற்றைப் பிடிக்கும். கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ இருப்பது கார்பன் வகை. அதில் உள்ள செயலூட்டப்பட்ட கரி, புகை வாடையையும் சாக்கடை வாடையையும் ஓரளவுக்கு உறிஞ்சிக்கொள்ளும். லாரிகளுக்குப் பின்னால் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும் நகரவாசிகளுக்குக் கார்பன் வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது. சில உறைகளில் பி.எம். 2.5 வரை வடிகட்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான குறுக்களவும் கொண்ட நுண்துகள்களை அது குறிக்கிறது. துகள் எவ்வளவு நுண்ணியதோ, அதைப் பிடிக்கும் இழைப்பின்னலும் அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டியிருப்பதால், மடிப்புகள் குறைவாக உள்ள மலிவுப் பொருளாக இருந்தால் காற்றோட்டம் தடைபடும். இரண்டு ஃபில்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மடிப்புகளை எண்ணிப் பாருங்கள். மடிப்பு அதிகமுள்ளதில் பரப்பும் அதிகம். நீள அகலம் சரியாகப் பொருந்துவது இதைவிட முக்கியம். ஓரத்தில் விரற்கடை இடைவெளி இருந்தால், காற்று ஃபில்டரை விட்டுவிட்டு அந்தச் சந்தின் வழியாகவே போய்விடும்.

சில சிறிய கார்களின் விலை குறைந்த வகைகளில் தொழிற்சாலையிலேயே ஃபில்டர் வைப்பதில்லை. அதற்கான அறை மட்டும் இருக்கும். திறந்து பார்த்தபோது உள்ளே வெறுமையாக இருந்தால் யாரோ திருடிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். அந்த அறைக்குப் பொருந்தும் ஃபில்டர் கடைகளில் கிடைக்கும்.

இனி வேலைக்கு வருவோம். தேவையான பொருள்கள்: கைப்பேசியின் விளக்கு, பழைய செய்தித்தாள், ஈரத்துணி, முகக்கவசம்; வீட்டில் வேக்யூம் கிளீனர் இருந்தால் அதுவும். முதல்முறை அரை மணி நேரம் ஆகலாம், அடுத்த முறை பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

காரை நிழலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். ஃபில்டர் இல்லாத நேரத்தில் யாராவது விளையாட்டாக ப்ளோயரைப் போட்டுவிட்டால் உதிர்ந்த குப்பை முழுவதும் உள்ளே இழுக்கப்படும் என்பதால் சாவி உங்கள் சட்டைப்பையில் இருப்பதே நல்லது. முன்பயணி இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கதவை முழுவதும் திறந்துவைத்து, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தால் வேலை எளிதாகும்.

க்ளவ் பாக்ஸில் உள்ளவற்றை எல்லாம் வெளியே எடுங்கள். ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் தாள், கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலம், எப்போதோ வாங்கிய டோல் ரசீதுகள் என்று அதற்குள் ஒரு குடும்பமே இருக்கும். பெட்டி தொங்கும்போது அவை அனைத்தும் காலடியில் கொட்டும். பிறகு பெட்டியைத் திறந்தபடி அதன் உட்புறத்தில் இரு பக்கச் சுவர்களையும் பாருங்கள். பெட்டி ஓர் அளவுக்கு மேல் திறக்காதபடி தடுத்து நிறுத்தும் பிளாஸ்டிக் குமிழ்கள் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். மாடலைப் பொறுத்து அவற்றைச் சற்றே திருகியோ உள்பக்கம் தள்ளியோ எடுத்துவிடலாம். வெளிப்பக்கத்தில் பெட்டியை மெதுவாக இறங்கவைக்கும் கயிறோ கம்பியோ மாட்டியிருந்தால் அதன் கொக்கியையும் விடுவியுங்கள். வேறு சில கார்களில் குமிழ்களுக்குப் பதிலாகப் பெட்டியின் இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினாலே அது இறங்கிவிடும். இப்போது க்ளவ் பாக்ஸ் தன் கீழ்க்கீல்களில் முழுவதுமாகத் தொங்கும்.

இந்தக் கட்டத்தில் வலுவைக் காட்ட வேண்டாம். வெயிலில் பல ஆண்டுகள் நின்ற காரின் பிளாஸ்டிக், அப்பளம்போல் முறியும். வராத கிளிப்பை இழுக்காமல், அது எந்தத் திசையில் பூட்டியிருக்கிறது என்று விளக்கு அடித்துப் பாருங்கள். அங்கே மஞ்சள் நிறக் கனெக்டர்கள் கண்ணில் பட்டால் அவற்றைத் தொடவே வேண்டாம். அவை ஏர்பேக்குக்குப் போகும் மின்இணைப்புகள்.

பெட்டிக்குப் பின்னால் கறுப்பு நிறத்தில், நீளவாக்கில் குறுகலான ஒரு மூடி தெரியும். அதன் வலப்பக்க ஓரத்தில் உள்ள பூட்டை விரலால் அழுத்தியபடி முன்னுக்கு இழுத்தால் மூடி கையோடு வந்துவிடும். உள்ளே ஃபில்டரின் விளிம்பு தெரியும். அதை உருவுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்; விளிம்பில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். அதன்பிறகு கீழே செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு, ஃபில்டரைச் சாய்க்காமல், கிடைமட்டமாக, மெல்ல உருவுங்கள். ஐ20 காரில் ஃபில்டருக்கு நேர் கீழேதான் ப்ளோயரின் சக்கரம் இருக்கிறது. மேலே தங்கியிருக்கும் வேப்பிலைச் சருகும் சிறு குச்சிகளும் அதற்குள் விழுந்தால், ப்ளோயரைப் போடும்போதெல்லாம் ‘தடதட’வென்று சத்தம் வரும், அதைச் சரிசெய்ய மோட்டாரையே கழற்ற வேண்டிவரலாம். என் முதல் முயற்சியில் அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்து, ஒரு புளியங்காயின் மேல்தோலை அதற்குள் விழவைத்தேன். அன்று மாலைவரை மடக்கிய கம்பியோடு போராடித்தான் அதை எடுக்க முடிந்தது.

வெளியே வந்த ஃபில்டரை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மடிப்புகளுக்கு ஊடாக வெளிச்சம் தெரிந்து, மேலே மெல்லிய தூசி மட்டும் இருந்தால், செய்தித்தாளின்மேல் மெதுவாகத் தட்டிவிட்டு இன்னும் சில மாதம் ஓட்டலாம். வெளிச்சமே தெரியாவிட்டாலோ, மடிப்புகள் ஈரத்தில் தொய்ந்திருந்தாலோ, முகர்ந்தால் நனைந்த சாக்கின் வாடை அடித்தாலோ தயங்காமல் மாற்றிவிடுங்கள். தண்ணீரில் அலசி உலர்த்தித் திரும்ப வைக்கலாமே என்று பலர் கேட்பதுண்டு. கழுவிப் பயன்படுத்தலாம் என்று உறையில் அச்சிட்ட சில ரகங்களைத் தவிர மற்றவற்றைக் கழுவக் கூடாது. இந்த இழைகளில் பெரும்பாலானவை மின்னூட்டம் ஏற்றப்பட்டவை. நுண்தூசியைத் துளையின் அளவால் மட்டுமன்றி அந்த மின்னூட்டத்தாலும் பிடித்து நிறுத்துகின்றன. கழுவினால் அந்தக் குணம் போய்விடும். பார்வைக்குச் சுத்தமாகவும் செயலில் வெறும் துணியாகவும் ஒரு பொருள் மிஞ்சும். பஞ்சர் கடையில் காற்று அடித்துச் சுத்தம் செய்வதும் அப்படித்தான். அந்த அழுத்தம் இழைகளைப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைப் போட்டுவிடும்.

ஃபில்டர் எடுத்த அறைக்குள் விளக்கு அடித்துப் பாருங்கள். தளர்ந்த குப்பையை வேக்யூம் கிளீனரின் குறுகிய முனையால் இழுத்துவிட்டு, ஓரங்களைப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் பீய்ச்சுவதோ ஸ்ப்ரே அடிப்பதோ கூடாது. கீழே மோட்டார் இருப்பதை மறந்துவிட வேண்டாம்.

சிலருக்கு இந்த இடத்தில் வேறொரு காட்சி காத்திருக்கும். சில வாரங்கள் ஓடாமல் நின்ற கார்களில் எலி இந்த அறையைத்தான் கூடாக்கிக்கொள்ளும். இருட்டாக இருக்கிறது, மழை நனைக்காது, ஃபில்டரின் பஞ்சைக் கடித்து எடுத்தால் மெத்தையும் ஆயிற்று. ஃபில்டரில் கடித்த ஓட்டையோ, அரிசி போன்ற கறுப்புப் புழுக்கைகளோ தெரிந்தால் அதைக் காய்ந்த நிலையில் தட்டவோ பெருக்கவோ செய்யாதீர்கள், வேக்யூமும் போடாதீர்கள். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, கிருமிநாசினியில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, ஃபில்டரோடு சேர்த்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். எலிக் காய்ச்சல் பரவுவது எலியின் சிறுநீர் வழியாகத்தான் என்பதால், கையில் கீறலோ புண்ணோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. சுற்றியுள்ள ஒயர்களில் பல் பட்ட தடம் தெரிந்தால், அதற்குமேல் நீங்கள் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

புதிய ஃபில்டரை உள்ளே வைப்பதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறு செய்கிறார்கள். விளிம்பில் இருக்கும் அம்புக்குறிக்கு இரண்டு விதமான பொருள் உண்டு. அதன் அருகில் ‘ஏர் ஃப்ளோ’ என்று அச்சிட்டிருந்தால், அம்பு காட்டுவது காற்று போகும் திசை. ஐ20 காரில் காற்று மேலிருந்து கீழே ப்ளோயரை நோக்கி இறங்குவதால், அந்த அம்பு தரையைப் பார்க்க வேண்டும். அம்புக்கு அருகில் ‘அப்’ என்று மட்டும் இருந்தால், அது காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஃபில்டரின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. அப்போது அம்பு கூரையைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு தலைகீழாக வைத்துவிட்ட கார்கள் ஏராளம். அம்பே இல்லாவிட்டால் பழைய ஃபில்டரைப் பாருங்கள்: எந்த முகத்தில் அழுக்கு படிந்திருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது.

தலைகீழாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். கார் ஓடும், ஏசியும் குளிரும். ஆனால் பல ஃபில்டர்களில் காற்று முதலில் படும் பக்கம் சற்றுப் பரும்படியான இழைகளாலும், அடுத்த அடுக்கு நெருக்கமான இழைகளாலும் ஆனது. பெரிய தூசியை முதல் அடுக்கும் சிறிய தூசியை இரண்டாம் அடுக்கும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. திருப்பி வைத்தால் எல்லாத் தூசியும் நெருக்கமான அடுக்கின்மேலேயே படிந்து, ஆண்டு முழுவதும் உழைக்க வேண்டிய ஃபில்டர் விரைவில் அடைத்துவிடும், இரைச்சலும் கூடும்.

திசையை உறுதிசெய்த பிறகு, உள்ளே தள்ளுமுன் ஒரு மார்க்கர் பேனாவால் விளிம்பில் அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவையுங்கள். அடுத்து எப்போது மாற்றுவது என்ற கணக்குக்கு மட்டுமல்ல, வேறொன்றுக்கும் அது பயன்படும். ஒருமுறை காரைச் சர்வீஸுக்கு விட்டபோது பில்லில் ஏசி ஃபில்டர் மாற்றியதாகப் பணம் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், நான் எழுதிய தேதியோடு என் பழைய ஃபில்டரே உள்ளே இருந்தது. தேதியோடு ஒரு படம் எடுத்துக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஃபில்டர் சிக்காமல் கடைசிவரை போக வேண்டும். பாதியில் நின்றால் மடிப்புகள் மடங்கிவிட்டன என்று பொருள். வெளியே எடுத்து, விளிம்புகளை நேராக்கி, மறுபடியும் தள்ளுங்கள். மூடியைப் பொருத்தும்போது ‘டிக்’ என்று பூட்டும் ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஃபில்டர் முழுவதும் உள்ளே போகவில்லை. பிறகு க்ளவ் பாக்ஸை உயர்த்தி, கயிற்றை மாட்டி, குமிழ்களை அதனதன் துளையில் பொருத்தி, இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள்.

இப்போது சாவியைப் போட்டு ப்ளோயரை ஒன்றிலிருந்து நான்குவரை படிப்படியாகக் கூட்டுங்கள். நடுத்திறப்புக்கு முன்னால் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தால் காற்றின் வேகம் கூடியிருப்பது தெரியும். படபடவென்ற சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டு, உள்ளே ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புது ஃபில்டர் வைத்த பிறகும் ஏசி போட்ட முதல் சில நொடிகளில் புளித்த வாடை வருமானால், குறை கூலிங் காயிலில் இருக்கிறது. எப்போதும் ஈரமாக இருக்கும் அந்தக் காயிலில் பூஞ்சை படிந்திருக்கும். அதற்கான நுரை ஸ்ப்ரேயை ஏசி மெக்கானிக்குகள் அடித்துத் தருவார்கள். மேலும் படியாமலிருக்க, வீடு வந்து சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசி பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு, ப்ளோயரை ஓடவிட்டுக் காயிலை உலரவிடுங்கள். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது இயல்பு. அது நின்றுபோய், முன்பயணியின் காலடி விரிப்பு ஈரமாக இருந்தால், தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறது. அதை எடுத்துவிடும்வரை எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் அந்த வாடை போகாது.